சென்னையில் ‘லீஸ்’ வீடு: நம் ஊர் ஒத்தி என்று நம்பிப் பணம் கொடுக்கலாமா?

வீரவநல்லூரிலிருந்து ஓர் அம்மா நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

“என் மகளுக்குச் சென்னை சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது. பிடித்தம் போகக் கைக்கு 26,000 ரூபாய் வரும். இப்போது 8,500 ரூபாய் கொடுத்து விடுதியில் இருக்கிறாள். ஓர் அறையில் நாலு பேர். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. வீடு பார்த்தால் ஒற்றைப் படுக்கையறைக்கே 12,000 வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ் என்கிறார்கள். கல்யாணம் ஆகாத பெண் என்றதும் பாதிப் பேர் கதவைச் சாத்திவிடுகிறார்கள். மேடவாக்கத்தில் 7 லட்சத்துக்கு லீஸ் வீடு இருக்கிறது, இரண்டு வருஷம் வாடகையே கிடையாது, காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்ப வந்துவிடும் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். நம் ஊர் ஒத்தி மாதிரிதானே இது? வங்கியில் அவள் பெயரில் போட்ட 3 லட்சம் இருக்கிறது. மீதி 4 லட்சத்துக்கு என் நகையை வைக்கலாம் என்றிருக்கிறேன். மாசாமாசம் வாடகையாகப் போகிற காசு மிச்சம்தானே? வெள்ளிக்கிழமைக்குள் டோக்கன் 50,000 அனுப்பச் சொல்கிறார்கள்.”

அம்மா, வணக்கம். அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துத்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன். டோக்கன் அனுப்ப வேண்டாம். நகையையும் வைக்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் அந்த ‘வாடகையே கிடையாது’ என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். 4 லட்சத்துக்கு நகையை வைத்தால் வட்டி உண்டு. வருஷத்துக்கு நூற்றுக்கு 9 என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 36,000, மாசத்துக்கு 3,000 ரூபாய். வங்கியில் கிடக்கிற 3 லட்சத்தை எடுத்துவிட்டால் அதற்கு வந்துகொண்டிருந்த வட்டி நின்றுபோகும். நூற்றுக்கு 7 என்றால் மாசம் 1,750. ஆகமொத்தம் மாசம் 4,750 ரூபாய் உங்கள் குடும்பத்திலிருந்து போகிறது. அதற்கு வாடகை என்று பெயர் இல்லை, அவ்வளவுதான். அதே 12,000 ரூபாய் வீட்டை உங்கள் மகள் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து எடுத்தால் தலைக்கு 4,000. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மகளிடம் காட்டுங்கள்.

சரி, 750 ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை, தனி வீடு கிடைக்கிறதே என்று நினைக்கலாம். அதனால் ஒத்தி விஷயத்துக்கு வருகிறேன்.

பாளையங்கோட்டையில் 22 வருஷமாக சிவில் வழக்குகள் நடத்துகிறேன். ஒத்திப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒத்திப் பணம் திரும்ப வராமல் வழக்கும் போட்டிருக்கிறேன். நம் பக்கத்தில் ஒருவர் வீட்டை ஒத்திக்குக் கொடுத்தால் அவருடைய தாத்தா யார், எந்த வயலை யாருக்கு விற்றார், மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். பணம் தர இழுத்தடித்தால் கோயில் கொடையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிடலாம். அவருக்கும் ஊரை விட்டுப் போக முடியாது. பத்திரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பணம் வந்துவிடுவதற்கு இதுதான் காரணம். மேடவாக்கத்தில் அந்த வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் புரோக்கர் நாலு இடத்தில் வருகிறார். வீட்டுக்காரர் ஓர் இடத்தில்கூட வரவில்லை.

சட்டத்தில் ஒத்தி என்பது சுவாதீன அடமானம். போக்கியம் என்றும் சொல்வார்கள். அதாவது 7 லட்சத்தை வீட்டுக்காரருக்கு நீங்கள் கடனாகக் கொடுக்கிறீர்கள். அதற்கு வட்டிக்குப் பதிலாக அவர் தன் வீட்டில் இருந்துகொள்ளச் சொல்கிறார். ஆகவே இந்த விஷயத்தில் நீங்கள் வீடு தேடுகிறவர் மட்டும் இல்லை, கடன் கொடுக்கிறவரும்கூட. தெரியாத ஆளுக்கு 7 லட்சம் கைமாற்றுக் கொடுப்பீர்களா? அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்க வேண்டும்.

சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 59ஆவது பிரிவுப்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படிப்பட்ட அடமானம் பதிவு செய்த பத்திரத்தில்தான் செல்லும். குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்படிப் பதிவாகியிருந்தால் உங்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. பணம் திரும்ப வரும்வரை வீட்டை விட்டு இறங்க வேண்டியதில்லை. இருபது ரூபாய், நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ‘லீஸ் அக்ரிமென்ட்’ என்று அடித்து நோட்டரி முத்திரை குத்திக் கொடுத்தால் அந்தப் பலம் வராது. புரோக்கர்கள் “எல்லாரும் இப்படித்தான் சார் செய்றாங்க” என்பார்கள். பதிவு செய்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கணிசமாக ஆகும், வீட்டுக்காரர் வாங்கிய கடனும் வெளியே தெரிந்துவிடும். அவர்கள் பதிவைத் தட்டிக் கழிப்பது அதனால்தான்.

போன வருஷம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து நாலாக மடித்த முத்திரைத்தாளை என் மேசையில் விரித்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது. சென்னையில் மகனுக்காக 5 லட்சம் கொடுத்து லீஸுக்கு எடுத்த வீடு. “பணமும் குடுத்தாச்சு, பத்திரமும் கையில இருக்கு. இப்ப வேற ஒருத்தர் வந்து வீடு என்னுதுங்கார், எய்யா” என்றார். தாளை வாசித்தேன். எழுதிக் கொடுத்தவர் வீட்டுக்காரரே இல்லை. இடையில் இருந்த ஒரு நிறுவனம். அந்த நிறுவனம் வீட்டுக்காரரிடம் மாச வாடகைக்கு வீட்டை எடுத்து, இவரிடம் மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டிருக்கிறது. சில மாசம் வீட்டுக்காரருக்கு வாடகை கட்டியிருக்கிறார்கள். அப்புறம் கட்டவில்லை, அலுவலகமும் பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் பக்கமிருந்து பார்த்தால் அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அவரிடம் போய்ப் பணம் கேட்க முடியாது. காவல்துறையில் புகார் கொடுத்தோம், வழக்கும் பதிவானது. மகன் வீட்டைக் காலி செய்துவிட்டான். பணம் இன்றுவரை வரவில்லை. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பெரியவர் வந்து, கேட்க ஒன்றும் இல்லாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

உங்களுக்கு வந்திருப்பதும் அதே மாதிரிதான் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே வீட்டுக்காரரே நேரில் வந்து ஒத்திக்குக் கொடுப்பதும் உண்டு. அப்படியானால் அவரிடம் மூன்று காகிதம் கேளுங்கள். ஒன்று, அவர் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், ஒரிஜினல். நகலைக் காட்டி, ஒரிஜினல் லாக்கரில் இருக்கிறது, ஊரில் இருக்கிறது என்றால் அது வங்கியில் கடனுக்காகக் கொடுக்கப்பட்டிருக்கலாம். வங்கிக் கடன் முந்தியது என்றால் முதல் உரிமை வங்கிக்குத்தான். தவணை கட்டாமல் போனால் வங்கி வீட்டை எடுத்து ஏலத்தில் விடும்போது உங்கள் 7 லட்சம் பின்னால்தான் நிற்கும். இரண்டாவது, முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று. இதை அவர்கள் தரும்வரை காத்திருக்க வேண்டாம், சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். மூன்றாவது, அவர் பெயரில் வந்த சொத்துவரி ரசீது. மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், அந்தப் பெயர்தான் அவருடைய ஆதாரிலும் இருக்க வேண்டும். பத்திரத்தில், ‘தவணை முடிந்ததும் பணத்தை என் சொந்தப் பொறுப்பில் திருப்பித் தருவேன்’ என்ற வரியையும் எழுதி வாங்குங்கள். வெறும் சுவாதீன அடமானம் என்றால் பணம் வரும்வரை வீட்டில் இருக்கலாமே தவிர, வீட்டை விற்றுப் பணத்தைத் தரும்படி வழக்குப் போட முடியாது. உங்கள் மகளுக்கு வேண்டியது பணம். இரண்டு வருஷத்தில் அவள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனால் அந்த வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

என்னைக் கேட்டால், எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும் இந்த வருஷம் ஒத்தி வேண்டாம். அவளுக்கு வேலையே புதுசு. அந்த ஊரில் எந்தப் பகுதி தோதுப்படும் என்பதே இன்னும் தெரியாது. வாடகை வீடு என்றால் பிடிக்காவிட்டால் அடுத்த மாசம் மாறிக்கொள்ளலாம். 7 லட்சம் கொடுத்தபின் மாற முடியாது.

இனி வாடகை வீட்டைப் பற்றிப் பேசுவோம்.

சோழிங்கநல்லூரிலேயே அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு தேட வேண்டியதில்லை. தாம்பரம் கிழக்கிலிருந்து சேலையூர், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு மாநகரப் பேருந்து போகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணச்சீட்டு இலவசம் என்பது உங்களுக்கே தெரியும், சேரன்மகாதேவிக்கு நீங்கள் அப்படித்தானே போய்வருவீர்கள். மேடவாக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளி, அதே சாலையில் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிற தூரத்தில் எடுத்தால் வாடகை குறையும், போக்குவரத்துச் செலவு ஏறாது. தாம்பரம் பக்கம் என்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சௌகரியம். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். தென்மாவட்டப் பேருந்துகளும் இப்போது கிளாம்பாக்கத்தில்தான் நிற்கின்றன. தீபாவளிக்கு ஊருக்கு வந்து திரும்பும் பெண், விடியற்காலை நாலு மணிக்குப் பட்டணத்தின் மறுகோடிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டாம்.

வீடு பிடிக்கும்வரை விடுதியைத்தான் மாற்ற வேண்டும் என்றால், வேலை பார்க்கும் பெண்களுக்காக அரசு நடத்தும் ‘தோழி’ விடுதி தாம்பரத்தில் 2023இல் திறந்தது, கூடுவாஞ்சேரியிலும் இருக்கிறது. இடம் காலியாக இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நாம் தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவர்கள், வீடு பார்க்கப் போனால் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே தோன்றாது. அந்தப் பக்கம் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வீடு பார்க்கப் போகும்போது உங்கள் மகள் முதலில் குளியலறைக்குள் போகட்டும். குழாயின் மூக்கிலும் வாளியின் விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்க்கட்டும். கையில் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தால் நுரை வராமல் பிசுபிசுக்கும். குடிக்க, சமைக்க கேன் தண்ணீர், வெயில் காலத்தில் லாரித் தண்ணீர். லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘மெயின்டனன்ஸ் 1,500’ என்பதற்குள் லாரி அடங்குமா, தனியா? 10,000 வாடகை என்று சேர்ந்து, ஏப்ரலில் 13,000 கட்டுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளத்தைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் கொக்கிரகுளமும் வண்ணார்பேட்டையும் எப்படிக் கிடந்தன என்று பார்த்தோம். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயலில் சென்னையின் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் மூழ்கின. பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சுற்றிலும் வீடு எழும்பினாலும் தண்ணீர் தன் இடத்துக்குத்தான் வரும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாடகை திடீரென்று குறைவாக இருந்தால், வீட்டுக்காரரை விட்டுவிட்டுத் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம் “2015லயும் 2023லயும் இங்க தண்ணி எதுவரை வந்துச்சு அண்ணே?” என்று கேட்கச் சொல்லுங்கள். முழங்காலா இடுப்பா என்று கையால் காட்டிவிடுவார். தரைத்தளம் வேண்டாம்.

மின்சாரத்துக்கு அந்த வீட்டுக்கென்று தனி இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே இணைப்பில் உள்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரரே வாங்குகிற வீடுகள் நிறைய. அதில் அரசு தரும் இலவச யூனிட் குடியிருப்பவருக்கு வந்து சேராது. தனி இணைப்பு என்றால் மின் இணைப்பு எண்ணை வாங்கி, பழைய பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

அட்வான்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்து மாச அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி முன்பணம் மூன்று மாச வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஆனால் ‘ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர’ என்று ஒரு வாசகமும் அதில் இருக்கிறது. ஆகவே ஒரு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேச முடியாது. பேசுவதைக் கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டும். 12,000 வாடகை என்றால் 36,000. “சட்டத்தில் மூன்று மாசம்தானே சார், நாங்கள் ஐம்பதாயிரம் வரைக்கும் தருகிறோம்” என்று பணிவாகக் கேட்டால் இறங்கிவருகிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். காலி செய்து ஒரு மாசத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை பிடிப்பது வழக்கம். இரண்டு வருஷம் இருந்தால் பிடிக்கலாம், ஆறு மாசத்தில் கிளம்பினால் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். உள்ளே போகிற அன்று சுவர், குழாய், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிட வேண்டும். அட்வான்ஸ் சண்டைகளில் பாதி இந்தப் படங்களால் முடிந்துவிடும்.

பதினோரு மாச ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்பார்கள். அது பழைய கணக்கு. பதிவுச் சட்டத்தில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் கட்டாயப் பதிவு என்பதால் வந்த பதினோரு மாசம் அது. புதுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எத்தனை மாசமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், பதிவு எண் கொடுப்பார்கள். பதிவு இருந்தால், வாடகை பாக்கி என்று சொல்லி வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போய் நிற்க முடியும். அப்படி நிறுத்தச் சட்டத்தில் இடம் இல்லை. வீட்டைப் பார்வையிட வருவதானாலும் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வீடு இல்லை என்கிறார்கள் என்று எழுதியிருந்ததைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நம் பெருமாள்புரத்திலும் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தனியார் வீட்டுக்காரரை இதற்காகச் சட்டத்தை வைத்து வழிக்குக் கொண்டுவருவது கடினம். நடைமுறையில் பலிக்கிற வழி வேறு. மூன்று பெண்களும் சேர்ந்து, வேலை அடையாள அட்டை, நியமனக் கடிதம், ஆதார் நகல் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டுக்கொண்டு, யாராவது ஒருவரின் அம்மாவோடு போகட்டும். வீட்டுக்காரர் மேல்மாடியிலோ கீழேயோ குடியிருக்கிற சின்னக் கட்டடங்களைத் தேடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், ரயில்வேக்காரர் மாதிரியானவர்கள் அம்மாவைப் பார்த்துப் பேசினால் மனசு மாறுவார்கள். பெரிய அடுக்ககங்களில் சங்கம், விதி என்று இழுப்பார்கள். புரோக்கர் கமிஷன் ஒரு மாச வாடகை. ஆனால் தாம்பரம், குரோம்பேட்டையில் ஆள் இல்லாத தெரு நம் பக்கத்தில் இல்லை. உங்கள் தெருவில் விசாரித்தால் அந்தக் கமிஷனே மிச்சமாகலாம்.

நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக்கூடாது என்பதை மட்டும் உங்கள் மகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வெளியூரில் உத்தியோகத்தில் இருக்கிறேன், சாவி கூரியரில் வரும் என்று போனில் பேசி முன்பணம் கறப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் போவதும் வீட்டுக்காரர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், புரோக்கர் கணக்குக்கு வேண்டாம்.

நீங்கள் ஒரு சனிக்கிழமை போய் இரண்டு நாள் தங்கி, மகளோடு நாலு வீடு பாருங்கள். பிடித்த வீட்டை ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு தடவை பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். அவள் வேலை முடிந்து வருகிற நேரம் அதுதான். தெருவிளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டால் உங்களுக்கும் தூக்கம் வரும்.

அந்தப் புரோக்கரிடம், ஒரிஜினல் கிரயப் பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள், வில்லங்கமும் வரி ரசீதும் நகல் வேண்டும், வீட்டுக்காரரிடம் நேரில் பேச வேண்டும், பதிவு அலுவலகத்தில் போக்கியப் பத்திரமாகவே எழுத வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அவர் பேச்சை எடுத்தால் அந்த நகல்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை நகை வீட்டிலேயே இருக்கட்டும்.